கிட்ட வந்துட்டீங்க

மாத்திரையை நாலாக உடைத்து, அதில் ஒரு துண்டைக் கரண்டியின் முதுகால் நசுக்கித் தேனில் குழைத்துக்கொண்டிருந்தார் மருந்துக்கடைக்காரர். முப்பத்தோரு வருஷமாக ஊருக்கெல்லாம் மாத்திரை எண்ணிக் கொடுத்த கை அது. இன்று இத்தனூண்டு துண்டை நசுக்க இரண்டு தடவை குறி தப்பியது.

"மணி என்ன?" என்று கேட்டாள் மனைவி. விடிந்ததிலிருந்து அது ஆறாவது தடவை.

"எட்டே கால். மாத்திரைக்குத்தானே கேக்குற? இதோ ஆச்சு."

"வாசல்ல யாராவது வந்தாங்களா?"

"பால்காரர் வந்துட்டுப் போயாச்சு. வேற யாரு வரணும்?"

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேன் கரண்டி உதட்டைத் தொட்டதும் வாயைத் திறந்தாள், அவருக்காக. உள்ளே எதுவும் இறங்கவில்லை. ஓரமாக வழிந்ததை அவர் பஞ்சால் துடைத்தார். விழுங்குவது நின்று நாலு நாள் ஆகிவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் ஏழு மருந்து இருந்தது. அவர் கடையைத் திறந்து முதல் இரண்டை மட்டும் எடுத்துவந்தார். மிச்சம் ஐந்தும் யாருடைய மனசு ஆறுவதற்காக எழுதப்பட்டவை என்று அவருக்குத் தெரியாதா?

மகள் முந்தின நாளே வந்துவிட்டாள். சமையலறையில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். தட்டு கழுவும் சத்தம்கூடக் கேட்காமல் வேலை செய்யும் பெண், அன்று இரண்டு பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் மனைவி மறுபடியும் மணி கேட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லித் திரும்பியபோது கேட்டவள் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, இன்னும் ஒரு வார்த்தை பாக்கி என்பதுபோல. நாடி பிடித்துப் பார்த்தார். பிறகு, எத்தனையோ வீடுகளில் செய்ததுபோல, போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டார். முகத்தை மூடக் கை வரவில்லை. மகளைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

மனைவி முத்திரை ஆய்வாளராக இருந்தவள். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை வைக்கிற வேலை. கடைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் தராசம்மா. அவளுடைய ஜீப் தெருமுனையில் திரும்பினாலே பாதிக் கடைகளில் படிக்கல் யோக்கியமாகிவிடும் என்பார்கள். மாசத்தில் இருபது நாள் வெளியூர். சில சமயம் வீட்டுக்கு வருவதே விருந்தாளி வருவதுபோல இருக்கும்.

அவரோ ஊர் எல்லையைத் தாண்டாதவர். வண்டி மூன்றாவது வளைவு திரும்புவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். பிரயாண வாந்திக்கு ஊருக்கே மாத்திரை விற்றவருக்கு அந்த மாத்திரை கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை கிளம்பினார்கள். ஒன்பதாவது மைல்கல்லோடு திரும்பினார்கள். மிச்ச ஊர்களையெல்லாம் அவள் ஒருத்தியாகத்தான் பார்த்தாள். வந்து பார்த்ததைச் சொல்ல மாட்டாள், தின்றதைச் சொல்வாள். துறைமுகத்தில் கரியில் வாட்டிக் கொடுத்த மீன். எல்லையோரத்து ஊரில் அடுப்புச் சுவரிலேயே அறைந்து சுட்ட ரொட்டி. அவர் கேட்டுக்கொண்டே துணி மடிப்பார். அவருக்கு அந்த ஊர்களெல்லாம் அவள் நாக்கு வழியாகத்தான் தெரியும்.

அத்தனையிலும் ஒன்று மட்டும் அவளை விடவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், மலைப்பாதையில், அடைமழையில் ஜீப்பின் அச்சு முறிந்துவிட்டது. தகரக்கூரை போட்ட ஒரு சாலையோரக் கடையில் அவளும் டிரைவரும் ஒதுங்கினார்கள். அங்கே ஒரு கிண்ணம் நிறையச் சாறு, அதில் மாவில் பொதிந்து அவித்த கறி உருண்டைகள். "உருண்டையை விடுங்க, அந்தச் சாறு!" என்பாள். "எலுமிச்சை இல்ல, புளி இல்ல, தயிரும் இல்ல. முதல்ல ஒண்ணுமே தெரியாது. முழுங்கினதுக்கு அப்புறம் தொண்டையில வந்து நிக்கும் பாருங்க, ஒரு புளிப்பு."

அந்த மலைப்பக்கம் மறு வருஷமே வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டது. அவள் அங்கே திரும்பப் போகவே இல்லை.

எனவே அந்தச் சாற்றை வீட்டிலேயே செய்துபார்க்க அவர் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு அரை நாள்தான். மத்தியானம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கலவை மருந்து தயாரிக்கிறவர்போல அளவுக் குவளையில் அளந்து, ஒரு நோட்டில் எழுதிவைத்துச் செய்தார். வினிகர் ஊற்றினார். உலர்ந்த பழத்தை ஊறப்போட்டார். பேர் தெரியாத கீரையை வேகவைத்து வடித்தார். சின்னப் பெண்ணாக இருந்த மகள், "இன்னைக்கும் பரீட்சையாப்பா?" என்று பாதியில் எழுந்து ஓடுவாள். மனைவி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வாய் குடித்து, கொஞ்சம் யோசித்துச் சொல்வாள்:

"கிட்ட வந்துட்டீங்க."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் அடுத்த ஞாயிறுவரை ஓட்டிவிடுவார்.

பதினோரு மணிக்கு மைத்துனர் வந்தார். வந்த கையோடு காரியங்களைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். நாற்காலிகள் வந்தன. அடக்கத்துக்கு நாலு மணி என்று முடிவாயிற்று. வருகிறவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம் இருந்தவரைக்கும் ஒரு கிராம் குறைஞ்சதில்ல" என்றார்கள். அவர் தலையாட்டினார். வீடு நிறைய ஆட்கள். எங்கே உட்காருவது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்றரை மணிக்கு ஒரு பழைய ஜீப் தெருவுக்குள் வந்து, நாற்காலிகளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நின்றது. டிரைவர் இறங்கினார். இருபத்தைந்து வருஷம் அவளுக்கு வண்டி ஓட்டியவர். அலுவலகம் ஏலத்தில் விட்ட அந்த ஜீப்பைத் தானே எடுத்துக்கொண்டவர். கையில் ஒரு தூக்குப் பாத்திரம், மேலே துண்டு சுற்றியிருந்தது. வாசற்படியில் நின்றபடி உள்ளே பார்த்தார்.

"எப்ப சார்?"

"பத்து மணிக்கு."

டிரைவர் பாத்திரத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "விடியக்காலையே எட்டிடலாம்னு பாத்தேன். பாதையில பாறை சரிஞ்சு கெடந்துச்சு. ஏழு மணி நேரம் நிக்க வெச்சுட்டான் சார்."

"என்ன இது?"

"மேடம்தான் போன் பண்ணாங்க, போன வாரம். பேச்சே வரல, காத்துதான் வந்துச்சு. அந்த மலைக்கடை இன்னும் இருக்கான்னு பாரு, இருந்தா வாங்கிட்டு வான்னாங்க. அப்ப கடை வெச்சிருந்த கெழவரு இப்ப இல்ல, மருமகதான் நடத்துறா. அதே சாறுதான் சார்."

மணி என்ன, மணி என்ன என்று காலையெல்லாம் அவள் கேட்டது மருந்துக்கடைக்காரரின் காதில் மறுபடி விழுந்தது.

"அவளால ஒரு சொட்டுத் தண்ணி இறக்க முடியலையே" என்றார்.

"நானும் கேட்டேன் சார், டாக்டர் சாப்பிடச் சொன்னாரான்னு. எனக்கில்லப்பா, அவருக்குன்னாங்க. ஒரு வாய் சாப்பிட்டா அவருக்கே புரியும்னாங்க."

மைத்துனர் அதற்குள் அருகே வந்துவிட்டார். "சாவு வீட்டுல என்னய்யா சாப்பாடு? உள்ள வெச்சுட்டு வந்து உக்காருப்பா" என்றார்.

மருந்துக்கடைக்காரர் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனார். மகள் பின்னாலேயே வந்தாள். அவர் துண்டை அவிழ்த்தார். மூடியைத் திறந்ததும் ஆறிப்போன சாற்றின் மேல் கொழுப்பு படர்ந்திருந்தது. அடுப்பில் வைத்துச் சுடவைத்தார். கிண்ணத்தில் ஊற்றினார். நின்றபடியே ஒரு வாய் குடித்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கினார். தொண்டையில் வந்து நின்றது.

கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு வாய் குடித்தார். அவர் முகத்தைப் பார்த்த மகள் கிண்ணத்தை வாங்கி, தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"அப்பா, இத நான் சாப்பிட்டிருக்கேனே. நீங்க பண்ணினதுதானே இது?"

அவர் அடுப்பை அணைத்தார்.

"ஆமாப்பா. எனக்கு அப்ப எட்டு வயசு இருக்கும். மூணு நாளா ஒரு பானையில அரிசி கழுவின தண்ணிய மூடி வெச்சிருந்தீங்க, வீடெல்லாம் நாறுதுன்னு நான் கத்தினேன். அம்மா அன்னைக்கு ரெண்டு கிண்ணம் குடிச்சாங்க."

இரண்டு கிண்ணம் இல்லை, மூன்று. ஆரம்பித்த இரண்டாம் வருஷம், மழைக்காலம். மூன்றாவது கிண்ணத்தை வழித்துவிட்டு அவள் ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது கண் கலங்கியிருந்தது. சாறு சூடு என்றாள். அப்புறம், வழக்கம்போல அதே சொல்லைச் சொன்னாள். அவர் அடுத்த ஞாயிறு அரிசித் தண்ணீரை விட்டுவிட்டு வேறு ஒன்றைத் தேடிப் போனார். அதற்கப்புறம் பதினேழு வருஷ ஞாயிறுகள்.

"அப்ப ஏன் அம்மா..." என்று ஆரம்பித்த மகள் நிறுத்திக்கொண்டாள்.

"உப்பு கொஞ்சம் கூட" என்றார் அவர்.

மிச்சத்தை முழுவதும் சாப்பிட்டார். உருண்டைகளின் மாவு ஊறி நைந்துபோயிருந்தது. முன்னறையில் யாரோ புதிதாக வந்து அழும் சத்தம் கேட்டது. அவர் சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார். ஈரக் கையோடு முன்னறைக்கு வந்தார். பெண்கள் விலகி இடம் விட்டார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை அவர் உதடு அசைந்தது. சிரிப்பா, திட்டா, யாருக்கும் விளங்கவில்லை. ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்போல இருந்தது அந்த இருப்பு.

மூன்றே முக்காலுக்கு வண்டி வந்துவிட்டது. நாலைந்து பேராக அவளைத் தூக்கி ஏற்றினார்கள்.

"மச்சான், முன்னாடி உங்களுக்கு எடம் வெச்சிருக்கேன், ஏறுங்க" என்றார் மைத்துனர்.

"இல்ல. நான் அதுல வரேன்."

அவர் ஜீப்பின் முன் கதவைத் திறந்து ஏறினார். ஏறியதும் முழங்கால் இரண்டும் முன்பலகையில் இடித்தன. ஆசனம் முடிந்தமட்டும் முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. அவர் கீழே கையைவிட்டு நெம்புகோலைத் தேடினார்.

"அது நகராது சார்" என்றார் டிரைவர், மறுபக்கம் ஏறிக்கொண்டே. "மேடத்துக்கு முன்னாடி ஊணிக்கக் கால் எட்டாது, அதுக்காக இழுத்துப் போட்டது. இத்தனை வருஷத்துல துரு புடிச்சுக்கிச்சு. பின்னாடி உக்காருங்களேன், நல்லா காலை நீட்டிக்கலாம்."

"இருக்கட்டும்" என்றார்.

முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி ஒடுக்கிக்கொண்டு, கதவைச் சாத்தினார்.