மூன்றாம் எண் ஜெயித்த நாள்

ஜூலை ஒன்பதாம் நாள், புதன்கிழமை, என் மாப்பிள்ளை குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தார். என் முறையீடு அதைப் பற்றியதே.

அவர் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். குடிப்பதில்லை, எவரிடமும் குரலை உயர்த்துவதில்லை. ஆனால் தம் தந்தையிடம் கற்ற பந்தய முறை ஒன்று அவரிடம் இருந்தது. தோற்றால் அடுத்த தடவை இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். என்றேனும் ஒரு குதிரை முந்தும். அன்று இழந்ததெல்லாம் திரும்பிவிடும். தையல் கடைக்கு முன்பணமாக என் மகள் சேர்த்ததில் பாதி இவ்வாறே கரைந்தது. கட்டட உரிமையாளர் அன்று மாலை வரைதான் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

"முழுசா வரலைன்னா நான் நம்ம வீட்டுக்கே வந்துடுறேன்பா" என்றாள் மகள்.

மிச்சப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போயிருந்த மாப்பிள்ளையைத் திருப்பி அழைத்துவரப் பந்தய மைதானத்துக்குப் போனேன். தூறல். நனைந்த படிகளில் அங்கொருவர் இங்கொருவராக உட்கார்ந்திருந்தனர்.

"எழுந்திருங்க மாப்பிள்ளை. சூதாடினது போதும்."

"இது சூது இல்ல மாமா, கணக்கு."

"கணக்குன்னா விடை வரணுமே! உங்களுக்குப் பூச்சியம்தானே வருது?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். எந்நேரமும் கழுத்தில் தொலைநோக்கி தொங்குவதால் அவருக்கு அதுவே பெயர்.

"கொஞ்சம் இருங்க மாமா" என்று எழுந்த மாப்பிள்ளை, நான் கையைப் பிடிப்பதற்குள் கவுண்டருக்கு ஓடிப்போய், மிஞ்சியதனைத்தையும் மூன்றாம் எண்மீது கட்டிவிட்டார். அறிவிப்புப் பலகை அதன் விலையை, ஜெயித்தால் ஒரு ரூபாய்க்கு மூன்று ரூபாய் என்று காட்டிக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வருவதற்குள் விலை சரிந்தது.

"பாத்தீங்களா மாமா! எவனோ பெரிய கை நம்ம குதிரை மேல கொட்டியிருக்கான். உள்விஷயம் தெரிஞ்சவன்!"

"அந்தப் பெரிய கை நீதான்யா" என்றார் தொலைநோக்கி.

மாப்பிள்ளையின் தந்தை காலத்தில் முக்காலிமேல் நின்று விலை கூவிய தரகர்கள் இருந்தனர். ஒப்புக்கொண்ட விலை ஒப்புக்கொண்டதுதான், பிறகு மாறாது. இப்போது எல்லோர் பணமும் ஒரே குவியலில் விழுகிறது. பந்தயம் நடத்தும் கிளப் தன் பங்கை எடுத்துக்கொண்டபின் எஞ்சியதை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். கூட்டமில்லாத நாளில் பெருந்தொகை கட்டினால், கட்டியவன் தன் விலையைத் தானே குறைத்துக்கொள்கிறான். மாப்பிள்ளைக்கு இது தெரியாததன்று. சிறுதொகைகளாகக் கட்டிவந்த வரையில் அது உறைக்கவில்லை.

மூன்றாம் எண் சுலபமாக முந்தியது. கட்டியதற்குமேல் கையில் வந்தது, இருவர் பேருந்தில் வீடு திரும்பப் போதுமானதாக இருந்தது.

"ஜெயிச்சுட்டேன்!" என்று வாசலிலேயே கூவினார்.

"கடைக்குக் காணுமா?" என்றாள் மகள்.

"முறை சரிதான்னு இன்னைக்கு நிரூபணம் ஆயிடுச்சும்மா. அடுத்த தடவை கூட்டமான நாளாப் பாத்து..."

தோற்றிருந்தாலாவது விட்டிருப்பார். மகள் கத்தரிக்கோலையும் அளவுநாடாவையும் பையில் வைத்துக்கொண்டு என்னோடு புறப்பட்டாள். கடை வேறொருவருக்குப் போய்விட்டது. எங்கள் சாப்பாட்டு மேசைமேல் துணி வெட்டுகிறாள். நானும் என் மனைவியும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். உறவினர் ஒவ்வொருவராக வந்து, "அதான் ஜெயிச்சுட்டாரே, அனுசரிச்சுப் போயேன்" என்கிறார்கள். பதில் சொல்லி அலுத்துவிட்டேன்.

நீங்களும் வரக்கூடும். வந்தால் தைப்பதற்குத் துணி கொண்டுவாருங்கள். கூலியைக் கையோடு கொடுங்கள். அவளுக்குப் புத்தி சொல்லாதீர்கள்.