நகைக்கடையில் ஒரு போத்தல் சிலிக்கா

“அண்ணே, லாரியை முந்தாதீங்க. போத்தல் உடைஞ்சா என் கதையும் முடிஞ்சுது.”

வசந்தன் முந்தினார். மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் சுபத்திரா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கண்ணாடிப் போத்தலைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் இரண்டு பக்கமும் உறுமிக்கொண்டு போயின. போத்தலுக்குள் வெறும் தண்ணீரும், அடியில் மாவு மாதிரி படிந்த ஒரு வெள்ளைப் பொடியும். அதைச் சரிசெய்துகொண்டு மதியத்துக்குள் அவள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியாக வேண்டும்.

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது உள்ளே ஓடவிடும் சேற்றைத் தயாரிக்கிற ஒரு சிறிய கம்பெனியில் சுபத்திரா வேதியியல் நிபுணர். அந்தச் சேற்றிலிருந்து தண்ணீர் ஓயாமல் பாறைக்குள் கசியும். கசிவு மிஞ்சினால் குழாய் நடுவழியில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் கிணறே அம்போ. களிமண்ணால் அடைக்க முடியாத நுண்ணிய துளைகளை, அதைவிடப் பல மடங்கு சிறிய சிலிக்காத் துகள் அடைத்துவிடும் என்பது அவள் கட்சி. கிணற்றுக் கம்பெனியின் பொறியாளர் ராஜசேகரன் அதை நம்பவில்லை. இதுவரை அவள் அனுப்பிய மின்னஞ்சலுக்கும் மாதிரிச் சரக்குக்கும் பதிலே போடாதவர், இன்று தாமே சோதனையைப் பார்க்க வருகிறார். இன்று சொதப்பினால் திட்டத்தையே மூடிவிடுவேன் என்று முதலாளி கமலநாதன் சொல்லிவிட்டார்.

சொதப்பல் காலையிலேயே நடந்துவிட்டது. அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் உதவியாளரான வசந்தன், கடல்நடுவே கிணறு தோண்டும் ரிக் மேடையில் பாதி ஆயுளைக் கழித்தவர். அங்கே சேறு நீர்த்துத் தெரிந்தால் மூட்டையைக் கிழித்து இன்னும் கொஞ்சம் பொடியைக் கொட்டுவதுதான் வழக்கம். சுபத்திரா தயாராக வைத்திருந்த சேறும் அவர் கண்ணுக்கு நீர்த்துத்தான் தெரிந்தது. நல்லெண்ணத்தில் அந்தச் சிலிக்கா நானோ பொடியை அள்ளிக் கொட்டிவிட்டார். தண்ணீரில் முதலில் பிரிக்காமல் போட்டால் அந்தப் பொடி கட்டிகட்டியாகத் திரளும், துளையை அடைக்காது. பரிசோதித்துப் பார்த்தால் குழாய் திறந்த மாதிரி ஒழுகியது. பொடியை ஒலியதிர்வால் பிரிக்கும் அல்ட்ராசோனிக் கருவியோ, பழுது பார்க்க சிங்கப்பூர் போயிருந்தது. டப்பாவின் அடியில் மிச்சமிருந்த பொடிதான் இப்போது போத்தலில்.

“டாக்டர், அதே மிஷின் வேற யார்கிட்ட இருக்கும்?” என்று வசந்தன் பயந்து பயந்து கேட்டபோதுதான் அவளுக்குக் கஸ்தூரியின் நினைவு வந்தது.

கஸ்தூரி பள்ளித் தோழி. மாசாயில் நகைக்கடை வைத்திருக்கிறாள். நகையின் இடுக்கில் ஒட்டிய அழுக்கை அதிரவைத்தே உதறும் பெட்டி ஒன்று அவள் கடையில் உண்டு. அடுத்தடுத்து முகூர்த்தம் என்பதால் கடை நிரம்பி வழிந்தது. பெட்டிக்குள் யாருடைய ஆரமோ குளித்துக்கொண்டிருந்தது. சுபத்திரா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள்.

கஸ்தூரி போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். “என் கல்யாண விருந்துக்குக்கூட வந்தியா? இப்ப மட்டும் ஓடி வர்றே, மாவு கரைக்க.”

“அடுத்த பிள்ளைக்குத் தொட்டில் கட்டவே வர்றேன், தாயே. முதல்ல ஆரத்தை எடு.”

ஆரத்துக்குச் சொந்தக்காரரான தனலெட்சுமி அம்மாள் எழுந்து வந்துவிட்டார். மகனுக்குக் கல்யாணமாம், மருமகள் கழுத்துக்குப் போகிற நகையாம், அது கிடந்த இடத்தில் சேற்று மருந்தா என்று கேட்டார். எண்ணெய்க் கிணற்றுக்குப் போகிறது, நகையில் ஒரு சொட்டும் படாது, போத்தல் மூடியேதான் இருக்கும் என்று சுபத்திரா கையெடுத்துக் கும்பிடாத குறையாக விளக்கினாள். அம்மாள் யோசித்தார்.

“பெட்ரோல் விலை குறையுமா லா?”

“குறைஞ்சா முதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன், ஆன்ட்டி.”

ஆரம் வெளியே வந்தது, போத்தல் உள்ளே போனது. பெட்டி கீச்சென்று அதிர, கடை மொத்தமும் எட்டிப் பார்த்தது. அடியில் கிடந்த மாவு புகை மாதிரி எழுந்தது, சுழன்றது, மெல்ல மெல்ல நீலம் பாய்ந்த பாலாக மாறியது. படிவு துளியும் இல்லை. தனலெட்சுமி அம்மாளே முதலில் கைதட்டினார்.

திரும்பும் வழியில் வசந்தன் எந்த லாரியையும் முந்தவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ராஜசேகரன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். கடலில் வெயில் தின்ற முகம், பேச்சே இல்லை. சுபத்திரா புதுச் சேற்றில் பாலைக் கலந்து, வடிதாள் பொருத்திய இரும்புக் குடுவையில் ஊற்றி, அழுத்தத்தைத் திறந்தாள். அரை மணி நேரச் சோதனை. கீழே வைத்த அளவுக் குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அப்புறம் சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. கமலநாதன் நகம் கடித்தார். வசந்தன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நேரம் முடிந்து குடுவையைத் திறந்தாள். தாளின் மேல் பட்டு மாதிரி மெல்லிய படலம். கசிவு, சாதாரணச் சேற்றில் பாதிகூட இல்லை.

ராஜசேகரன் படலத்தை விரலால் தடவிப் பார்த்தார். முதல் முறையாகச் சிரித்தார். அப்படியானால் இதைக் கிணற்றில் போட்டுப் பார்ப்பீர்களா என்று சுபத்திரா கேட்டேவிட்டாள்.

“போன வாரம் எங்க கிணத்துல குழாய் மாட்டிக்கிற நிலைமைம்மா. சரக்குக் கப்பல் வர்ற வரைக்கும் வேற மருந்து கிடையாது. நீங்க மாதிரிக்கு அனுப்பின டிரம் ஓரமா கிடந்துச்சு, எடுத்து ஊத்திட்டாங்க. என்னைக்கூடக் கேக்கல. கசிவு இறங்கிருச்சு. ஹெட் ஆபீஸ் நம்பல, கண்ணால பாத்துட்டு வான்னு அனுப்பினாங்க. முன்கூட்டியே சொன்னா நான் உங்க பக்கம் சாஞ்சு பாத்தேன்னு ஆயிடும், அதான் வாயைத் திறக்கல.” அவர் எழுந்து கைகுலுக்கினார். “போட்டுப் பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல டாக்டர். உங்க சரக்கு இப்ப கிணத்துக்குள்ளதான் ஓடிக்கிட்டிருக்கு.”