மூன்றாவது வரிசைப் புன்னகை

நீலாம்பரி தாலாட்டு ராகம். அன்று மயிலாப்பூர் சபாவில் பாதிப் பேர் தூங்கியே போயிருந்தார்கள். அவர்களை எழுப்பியது நான்.

மடியில் மஞ்சள் பை, பையில் ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் கேமரா. ஃபிளாஷ் மீது கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன். கிளிக் சத்தத்தை இருமலில் மறைக்கவும் பழகியிருந்தேன். பிலிம் தீர்ந்தால் இந்தக் கேமரா யாரையும் கேட்காமல் அதைத் தானே சத்தமாகப் பின்னோக்கிச் சுற்றிக்கொள்ளும் என்பதுதான் மறந்துபோனது. நெய்வாசல் சுவாமிநாதன் கீழ் ஸ்தாயியில் காற்றைப் போல இறங்கிக்கொண்டிருந்தபோது, என் மடியில் மிக்ஸி ஓடியது. பையை வயிற்றோடு அணைத்தேன். வயிறும் சேர்ந்து அதிர்ந்தது.

பாட்டு நின்றது. அவர் கண் திறந்து மூன்றாவது வரிசையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"யாராத்துலயோ சட்னி அரைக்கறா" என்றார் மைக்கில்.

சபையே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். வேறு என்ன செய்வது?

உண்மையில் எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். ஒவ்வொரு கச்சேரியிலும் ஒரு முறையாவது அவர் மூன்றாவது வரிசையைப் பார்த்துப் புன்னகைப்பார். அங்கே இடது ஓரத்தில் உட்காருபவன் நான். அந்தச் சிரிப்பு எனக்குத்தானா என்பதுதான் என் நெடுநாள் கேள்வி. சபா காரியதரிசியிடம் கேட்டேன். "அவருக்குத் தெரியாத ரசிகரா?" என்றார். பக்கத்து நாற்காலி மாமா, "மகான்களுக்கு எல்லாம் தெரியும் ஓய்" என்று கண்ணை மூடிக்கொண்டார். மிருதங்கக்காரர் என் கேள்வியை விட்டுவிட்டுத் தன் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

எனக்கு வேலை பாண்டி பஜாரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். அங்கே யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் கையிலுள்ள ஃபிரேமைத்தான் பார்ப்பார்கள். மைனஸ் ஆறு போட்ட ஒருவர், கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நானென்று நினைத்து நிலைக்கண்ணாடியிடம் விலை கேட்டார். அசோக் நகரில் என் அறைக்குத் திரும்பினால், சுவர் முழுக்க நெய்வாசலார். பூட்டைத் திறந்ததும், "வந்துட்டேன்" என்பேன். திருடி எடுத்த படம்தான் என்றாலும் சிரிப்பு என்னுடையது என்று நம்பியிருந்தேன்.

கச்சேரி முடிந்ததும் பக்கவாட்டுக் கதவருகே காத்திருந்தேன். அவருடைய பெண் நீரஜா தம்புராவைச் சுமந்துகொண்டு வந்தாள். எப்போதும் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து மீட்டுபவள். என் படங்களில் அவளுடைய பாதித் தோள் மட்டும் விழும்.

"மிக்ஸி மாமா நீங்கதானே?"

"ஆமாம்மா. தப்பாயிடுச்சு."

"போறது. தூங்கிண்டிருந்தவா எல்லாம் எழுந்து கேட்டா."

"ஒண்ணு கேக்கணும். ஐயா மூணாவது வரிசையைப் பாத்து சிரிக்கிறாரே... அது என்னையா?"

தம்புராவைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். சபாவில் இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"இல்லை மாமா. அப்பாவுக்கு உங்களைத் தெரியாது. மேடையில இருக்கறச்சே யாரையுமே தெரியாது. கண்ணாடியைக் கழட்டி என்கிட்ட குடுத்துட்டுத்தான் உக்காருவார். அதைப் போட்டுண்டா பேங்க் மேனேஜர் மாதிரி இருக்குன்னு அம்மா ஒரு நாள் சொல்லிட்டா. சத்தம் வந்தா அந்தப் பக்கம் சிரிப்பார். மத்தபடி சும்மா நேரா ஒரு சிரிப்பு."

கைப்பையைத் தொட்டுக் காட்டினாள். கண்ணாடி அதற்குள்தான் இருந்தது.

என் சுவரிலுள்ள முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாவற்றிலும் மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு பள்ளம். வருடக்கணக்காகச் சாதகம் செய்து களைத்த முகத்தின் அடையாளம் அது என்று ரசித்திருக்கிறேன். பகலெல்லாம் அதே பள்ளத்தைப் பார்த்துத்தான் ஃபிரேமை வளைத்துக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன்.

ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. கடையில் கேட்பதுதான் வாயில் வந்தது.

"பவர் என்னம்மா?"

"மைனஸ் ஒன்பது" என்றாள். "ரெண்டு கண்ணும்."