சூப்பர்வைசரின் விடைத்தாள்

கிடங்கில் எல்லோரும் அவரைச் சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ஓட்டியதென்னவோ சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி. ஆறு மாதத்துக்கு முன்னால், தபால் வழியில் கிடங்கு மேலாண்மை டிப்ளமா படிக்கப் பணம் கட்டியிருப்பதாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அன்று சாயங்காலமே பெயர் ஒட்டிக்கொண்டது. "சூப்பர்வைசரே, வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுங்க" என்று லோடு ஏற்றுகிறவர்கள் கத்துவார்கள். படிக்காமலே பதவி உயர்வு வாங்கியவர் அந்தக் கிடங்கில் அவர் ஒருவர்தான்.

படிக்காமலே என்பதை அழுத்தித்தான் சொல்ல வேண்டும். எட்டுப் புத்தகங்கள் ஒரு பெட்டியில் வந்து இறங்கின. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதல் புத்தகத்தைத் திறப்பார். மனைவி டிவி சத்தத்தைக் குறைப்பாள். ஏழு பத்துக்கு அவர் தலை கீழே போகும். எட்டு மணிக்கு, கன்னத்தில் புத்தக விளிம்பின் கோடு விழுந்திருக்க, "இன்னைக்கு இது போதும்" என்று பெருமூச்சு விட்டபடி எழுந்து வருவார். ஆறு மாதத்தில் பதினோராம் பக்கத்தைத் தாண்டவில்லை. ஒரு டன் சரக்கை இரண்டு ஆள் உயரத்துக்குத் தூக்கி, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்துகிற மனிதருக்கு, அந்த ஒரு தாளைப் புரட்ட மட்டும் கை வரவில்லை.

மாதம் ஒரு விடைத்தாள் அனுப்ப வேண்டும். கையெழுத்துப் போட்ட முகப்புத் தாள் ஒன்று, அதன் பின்னால் பன்னிரண்டு பக்க விடை. ஐம்பது மதிப்பெண் வாங்கினால் தேர்ச்சி. சூப்பர்வைசர் முகப்புத் தாளில் பெயரையும் சேர்க்கை எண்ணையும் எழுதி, கையெழுத்தை நன்றாகச் சுழித்துப் போட்டு, அதை மட்டும் உறைக்குள் வைத்து ஒட்டுவார். விடையில்லாத தாளை அங்கே குப்பையில் போடுவார்கள், வீட்டில் படித்த மாதிரியும் ஆச்சு என்பது அவர் கணக்கு. மறுநாள் காலையில் உறையை மனைவியிடம் நீட்டி, "போற வழியில அனுப்பிடும்மா" என்பார். அவள் போகிற வழி மட்டுமல்ல, போகிற இடமே ஒரு பார்சல் அலுவலகம். எடை போட்டு ரசீது தரும் கவுண்ட்டரில் அவளுக்குப் பதினான்கு வருட சர்வீஸ்.

ஐந்து உறைகள் இப்படிப் போயின. ஐந்தாவது போன கையோடு, தேர்வுத் தேதி குறித்துக் கடிதம் வந்தது. நேரில் வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டுமாம். மனைவியிடம் உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் கட்டியது அவள் பணம். துணி துவைக்கும் இயந்திரத்தை மாற்ற அவள் சேர்த்து வைத்திருந்தது. பழைய இயந்திரம் சுழல ஆரம்பித்தால் இருந்த இடத்தை விட்டு நடக்கத் தொடங்கிவிடும். அவள் இடுப்பால் முட்டுக் கொடுத்து நிறுத்துவாள். "அது இன்னும் ஒரு வருஷம் நடக்கட்டும், நீங்க படிங்க" என்று எடுத்துக் கொடுத்தவளிடம் போய், நான் தூங்கினேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அவள் திட்ட மாட்டாள். திட்டாமல் ஒரு பார்வை பார்ப்பாள். உலகத்தில் அவருக்கு இருந்த பயம் அந்த ஒரு பார்வைதான்.

அப்போதுதான் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். தேர்வுக்கு முன்னால், ஒரு விடைத்தாள்கூடத் தேர்ச்சி பெறாதவர் படிப்பை விட்டு விலகினால், கட்டணத்தில் முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும் என்றது பன்னிரண்டாம் விதி. அதை மூன்று தடவை படித்தார்; கொட்டாவியே வரவில்லை. பணத்தை வாங்கி வந்து, "அந்த நிறுவனத்தையே இழுத்து மூடிட்டாங்கம்மா" என்று ஒரே போடாகப் போட்டுவிடலாம். குறைகிற கால் பங்குக்கு, "பாவிங்க, அதை அமுக்கிட்டாங்க" என்று சேர்த்துக்கொண்டால் முடிந்தது.

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினார். நிறுவனம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. அலமாரி முழுக்கக் கோப்புகள். கவுண்ட்டரில் இருந்த அம்மா கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"சொல்லுங்க சார்."

"படிப்பை விட்டுடலாம்னு இருக்கேன் மேடம். பன்னிரண்டாம் விதிப்படி பணம் திரும்பி வரும்னு போட்டிருக்கு."

அந்த அம்மா சேர்க்கை எண்ணைக் கணினியில் தட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"விளையாடறீங்களா சார்?"

"இல்லைங்களே."

"அஞ்சு பேப்பர் வந்திருக்கு. அஞ்சும் பாஸ். நாலாவதுல தொண்ணூத்தொண்ணு. இந்த வருஷத்துலயே அதுதான் அதிகம். யாரோ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவராமேன்னு நாங்களே பேசிக்கிட்டோம். உங்களுக்கு எதுக்கு சார் பணம் திரும்ப?"

சூப்பர்வைசர் திருதிருவென்று விழித்தார். நான் எழுதவில்லை என்றால் பித்தலாட்டம். நான்தான் எழுதினேன் என்றால் பணம் போச்சு. பத்தொன்பது வருடத்தில் வண்டியை இப்படி ஒரு சந்துக்குள் அவர் விட்டதே இல்லை.

"மதிப்பெண் எதுவும் வீட்டுக்கு வரலையே மேடம்" என்றார் ஈனக் குரலில்.

"நீங்கதானே மார்க் தாளுக்கு மட்டும் முகவரியை மாத்தினீங்க? பார்சல் ஆபீசுக்கு அனுப்புங்கன்னு எழுதியிருந்தீங்களே."

அவருக்கு இப்போது லேசாகப் புரிய ஆரம்பித்தது. நாலாவது விடைத்தாளைப் பார்க்கலாமா என்று கேட்டார். கோப்பு வந்தது. முகப்பில் அவருடைய சுழித்த கையெழுத்து. தாளைத் திருப்பினால் குண்டு குண்டாக, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. பார்சல்கள்மீது முகவரி எழுதி எழுதிப் படிந்த கை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் வீட்டுச் சாமான் பட்டியலில் தினமும் பார்க்கிற கை.

கடைசிக் கேள்வி இது: ஒரு கிடங்கின் மிகப் பெரிய சொத்து எது? அனுபவத்திலிருந்து விளக்குக. அவள் எழுதியிருந்தாள்: "அவசரப்படாத ஓட்டுநர். எனக்குத் தெரிந்த ஒருவர் பத்தொன்பது வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இதுவரை ஒரு பெட்டி நசுங்கியதில்லை, ஒரு ஆளின் விரல் நசுங்கியதில்லை. கிடங்கு மூலையில் பூனை குட்டி போட்டது என்பதற்காக மூன்று வாரம் வண்டியைச் சுற்றுவழியில் ஓட்டினார். இப்படிப்பட்டவரை மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தால் கிடங்குக்குத்தான் நஷ்டம்."

ஓரத்தில் சிவப்பு மையில், "அருமை! யார் இவர்?" என்று திருத்தியவர் எழுதியிருந்தார்.

சூப்பர்வைசருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

"மேடம், இது நான் எழுதினதில்லை. என் வீட்டுக்காரி எழுதினது" என்று போட்டு உடைத்துவிட்டார்.

அந்த அம்மா கோப்பைப் பட்டென்று மூடினார். "இதை வெளியில சொல்லாதீங்க சார், ஆனா அஞ்சு மார்க்கையும் நான் ரத்து பண்ணியாகணும். ஆள் மாறாட்டம் ஆச்சே, பணமும் வராது. பதினெட்டாம் விதியைப் படிச்சீங்களா? தேர்வுக்கு முன்னாடி குடும்பத்துல ஒருத்தருக்கு இடத்தை மாத்திக் கொடுக்கலாம். அவங்க முதல்லேர்ந்து எழுதணும்."

"நான் பன்னிரண்டோட நிறுத்திட்டேன் மேடம்."

"எதிர்பார்த்தேன்" என்று சொல்லிப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார்.

செருப்புக் கடை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, படிவத்தில் மனைவியின் பெயரை எழுதினார். பிறகு ஒரு வெள்ளைத் தாள் வாங்கி அதிலும் சில வரி எழுதினார். நான்கு வரிக்கே கை வலித்தது. இரண்டையும் உறைக்குள் போட்டு ஒட்டினார்.

சாயங்காலம் மனைவி வந்து கைப்பையை வைப்பதற்குள் உறையை நீட்டினார். "இதை..." என்று ஆரம்பித்து மென்று முழுங்கினார்.

அவள் உறையை உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள். "ரெண்டு தாள் இருக்கே. எப்பவும் ஒண்ணுதானே வைப்பீங்க?"

"முதல் மாசமே தெரியுமா?"

"பதினாலு வருஷமா எடை பாக்கறவ கையில ஒத்தைத் தாளைக் குடுத்துட்டு, பன்னிரண்டு பக்கம் எழுதினேன்னா எப்படிங்க? ஆபீஸ் போனதுமே பிரிச்சுட்டேன். முதல் தடவை உங்க மானத்தைக் காப்பாத்தணும்னுதான் எழுதினேன். ரெண்டாவதுலேர்ந்து எனக்கே விட மனசில்லை."

"நீ எப்பம்மா படிச்சே?"

"ஏழு பத்துலேர்ந்து எட்டு வரைக்கும், உங்க தலைக்குக் கீழ இருந்ததை விட்டுட்டு மத்த புத்தகங்களை. டிவி சத்தத்தைக் குறைச்சது உங்களுக்காகன்னா நினைச்சீங்க?"

உறையைப் பிரித்துப் படிவத்தைப் படித்தாள். தன் பெயரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். "அஞ்சையும் மறுபடி எழுதணுமா?" என்று கேட்டாள். குரல் உடைந்திருந்தது, ஆனால் அது அலுப்பு இல்லை. அவள் பெயரை அவள் கேட்காமலே ஒரு படிவத்தில் யாரும் எழுதியதில்லை. "பரவால்லை, எல்லாத்துக்கும் நகல் வச்சிருக்கேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு இரண்டாவது தாளை எடுத்தாள். "ஆறு மாதமாக உன்னிடம் பொய் சொன்னேன். படிக்கவில்லை. தூங்கினேன். என்னை மன்னித்துவிடு." படித்து முடித்து, கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில் ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தாள். நாற்பத்தொன்பது.

"ஒரே ஒரு மார்க்லயா போச்சு?"

"என்ன செஞ்சீங்கன்னு எழுதியிருக்கீங்க. ஏன் செஞ்சீங்கன்னு எழுதலை. பாதி விடைக்குப் பாதிகூட வராது, போனாப் போகுதுன்னு போட்டிருக்கேன். திருத்தி எழுதிக் கொண்டாங்க."

ஏழு மணிக்கு இருவரும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் முதல் புத்தகத்தை, அவர் தலை வைத்துத் தேய்ந்த அதே புத்தகத்தைப் பதினோராம் பக்கத்தில் திறந்து, பன்னிரண்டுக்குப் புரட்டினாள். அவர் எழுத ஆரம்பித்தார். அவள் தங்கை புருஷனுக்கு ஆபீசர் வேலை கிடைத்த அன்று, பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசாமல் வந்ததை எழுதினார். அந்த மௌனம் தன்னைப் பற்றித்தான் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டதை எழுதினார். தனக்கு நாற்காலி வேண்டாம், வண்டிதான் பிடித்திருக்கிறது, அதைச் சொன்னால் அவளுக்குச் சப்பென்று ஆகிவிடுமோ என்று பயந்ததை எழுதினார்.

பின்கட்டில் துணி இயந்திரம் கடகடவென்று நடக்கத் தொடங்கியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. ஏழு பத்தும் ஆனது, ஏழரையும் ஆனது. தாளின் இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது. சூப்பர்வைசர் தலையைத் தூக்கி, பரீட்சை ஹாலில் கேட்பது போலக் கையை உயர்த்தினார்.

"இன்னொரு தாள் குடும்மா. இடம் பத்தலை."