போர்வையின் பின்பக்கம்

“கதவு இடிக்குது. சாய்ச்சிப் புடிங்க. சாய்ச்சிப் புடின்னா மடிக்கச் சொல்லல!”

கலியம்மாள் பின்பக்கமாக நடந்துகொண்டே அதட்டினாள். மகளிர் மன்றத்துப் பெண்கள் ஆறு பேர் ஆளுக்கொரு ஓரமாக அந்தப் பெரிய ஒட்டுத்துணிப் போர்வையைத் தூக்கிப் பிடித்து, முன்னறையிலிருந்து உள்ளறைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வண்டி எந்த நேரமும் வந்துவிடும். தனபாக்கியத்தைக் கிடத்த முன்னறையில் இடம் வேண்டும். ஒரு மாதமாக அந்த அறையைப் போர்வைதான் பிடித்துக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து வரும் அவள் புருஷன் இசக்கிமுத்து சுவரோரமாகப் பூனை மாதிரி நடந்துதான் அடுக்களைக்குப் போவார்.

இப்போது அவர் வராந்தாவில் காக்கி உடுப்போடு நின்றிருந்தார். மைன்ஸிலிருந்து ஜீப்பில் அழைத்துவந்தவர்கள் நேராக ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார்கள். அங்கே பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று. முன்னால் போய் வீட்டை ஒழித்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வந்து பார்த்தால் பெண்கள் ஏற்கெனவே ஒழித்துக்கொண்டிருந்தார்கள். செய்ய ஒரு வேலையும் இல்லாமல் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

காலையில் நூல்கண்டு வாங்கிக்கொண்டு வந்த கலியம்மாள்தான் முதலில் பார்த்தவள். தனபாக்கியம் போர்வையின் மேல் ஒரு கன்னத்தை வைத்துச் சாய்ந்து கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, “என்னாக்கா, பட்டப்பகல்ல” என்று கேலிகூடச் செய்திருக்கிறாள். ஊசி விரலிடுக்கில் அப்படியே இருந்தது. மாரடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

“ஏதோ தொங்குது பாருங்க” என்றாள் சைபுன்னிசா.

போர்வையின் அடியில், நடுவாக்கில், நீலக் கட்டம் போட்ட துணி ஒன்று ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. உள்ளறைக் கட்டிலில் போர்வையைப் பின்பக்கம் மேலே தெரியும்படி திருப்பிப் போட்டார்கள். வெள்ளை அடித்துணியின் நடுவில் இசக்கிமுத்துவின் பழைய கைலி. சிமெண்டுத் தரையில் எந்நேரமும் படியும் பவர் ஹவுஸ் சாம்பல் வெள்ளைத்துணியில் ஒட்டிவிடக் கூடாதென்று தனபாக்கியம் அதைக் கீழே விரித்திருக்கிறாள். விரித்தவள் அதையும் சேர்த்தே தைத்துவிட்டாள். போர்வையின் நடுக்கட்டத்தின் நாலு பக்கமும், பொடிப்பொடியாக, நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியிருந்தது தையல்.

இந்தத் தப்பைச் செய்யாதவள் அந்தக் கூட்டத்தில் கிடையாது. மடியில் போட்டுத் தைக்கும்போது புடவையோடு சேர்த்துத் தைத்துவிட்டு, எழுந்தால் போர்வையும் கூடவே எழும். அப்போதெல்லாம் தனபாக்கியம் கத்தரியை எடுத்துக்கொண்டு, “யாரு இன்னிக்கி மாட்டுனது? கையத் தூக்குங்க” என்று வருவாள். பிரித்துத் திரும்பத் தைக்கவைக்காமல் விடமாட்டாள். அவள் மட்டும் ஒருநாளும் மாட்டியதில்லை.

“அக்காவும் மாட்டிகிச்சிடி” என்றாள் கலியம்மாள்.

ஒருத்தி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்த அடுத்தவளுக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்தது. ஆறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அதே குலுக்கத்திலேயே அது அழுகையாகிவிட்டது. காலையிலிருந்து ஓடியாடிக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் முதன்முதலாக உட்கார்ந்து அழுதார்கள். வராந்தாவில் நின்ற இசக்கிமுத்துவுக்குச் சிரிப்பும் கேட்டது, அழுகையும் கேட்டது. அந்த வீட்டில் பிள்ளைச் சத்தம் இருந்ததில்லை. இந்தப் பெண்களின் சத்தம்தான் இருந்தது.

வண்டி வந்தது. தனபாக்கியத்தை இறக்கிக் கிடத்தினார்கள். அவள் ஏதோ யோசனையில் இருப்பவள் போல் இருந்தாள். ஊசியில் நூல் கோக்கும்போது வாயைக் கொஞ்சம் குவிப்பாள். அந்தக் குவிப்பு இன்னும் போகவில்லை. இசக்கிமுத்து தலைமாட்டில் உட்கார்ந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று காலையிலேயே தெரிந்திருக்கும். டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் லீவு போட்டுவிடுவார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார், நடுக்கட்டம் முடியாது. அதனால்தான் சொல்லவில்லை. அவளை அவருக்குத் தெரியாதா?

நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸைப் பிடித்து அவருடைய அக்கா பேச்சியம்மாள் வந்து சேர்ந்தாள். அவள் புருஷனுக்கு அங்கே சர்க்கரை ஆலையில் வேலை. வாசலிலிருந்தே மார்பில் அடித்துக்கொண்டு வந்து, தம்பி பெண்டாட்டியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கினாள். கோடித் துணி வாங்க ஆள் போயிற்றா, தண்ணீர் எடுக்கக் குடம் எங்கே என்று வரிசையாகக் கேட்டாள்.

“எங்க கெடந்தா?”

“இங்கதாம்மா. தைச்சிகினே போர்வை மேல சாஞ்சிட்டாங்க” என்றாள் கலியம்மாள்.

“எந்தப் போர்வை?”

உள்ளறையில் கிடந்ததைக் காட்டினார்கள். பேச்சியம்மாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

“ஏல முத்து, அவ அதுமேலதான சாஞ்சிருக்கா? அப்ப அது அவ படுக்கை. அவகூட அனுப்பிரணும். வீட்டுல வச்சிக்கிடக் கூடாது, அடுத்தவுகளுக்கும் குடுக்கக் கூடாது. நான் ஒண்ணும் புதுசா சொல்லல.”

சாகக் கிடந்தவரின் பாயும் துணியும் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். அந்தப் போர்வையில் எட்டு மாத வேலை இருந்தது. ஒவ்வொருத்தி வீட்டுத் துணியும் அதில் இருந்தது: பிள்ளைகளின் பள்ளிக்கூட யூனிபாரம், மைன்ஸ் காக்கி, ஜன்னல் திரை, வளைகாப்புப் புடவையின் ஓரம். சைபுன்னிசா புருஷனின் ஜவுளிக் கடையில் மிஞ்சிய வெட்டுத்துண்டுகள் பாதி. அடுத்த வாரம் டவுன்ஷிப் பொருட்காட்சி தொடங்குகிறது. மகளிர் மன்றத்து ஸ்டாலில் அதைத் தொங்கவிட கம்புகூடத் தயாராக இருந்தது.

கலியம்மாள்தான் முதலில் பேசினாள். பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து தினம் நடந்து வருகிறவள். புருஷனுக்குக் காண்ட்ராக்ட் வேலை. குவார்ட்டர்ஸ்காரிகள் நடுவே அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தது தனபாக்கியம்.

“அக்கா போத்திகினே போவட்டும்ங்க. நாங்க வேற தைச்சிக்குவோம்.”

“ஆமாண்ணே” என்றாள் சைபுன்னிசா. மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருத்தி முகத்திலும் மனக்குறை தெரியவில்லை. அதுதான் இசக்கிமுத்துவுக்குத் தாங்கவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போனார்.

கட்டிலில் போர்வை பின்பக்கம் காட்டிக் கிடந்தது. கைலியை யாரும் பிரிக்கவில்லை. அவர் தையலின் மேல் விரலை ஓட்டினார். போன வருஷம் தை மாதம் இந்தக் கூட்டம் முழுவதும் பஸ் பிடித்து மெட்ராஸ் பொருட்காட்சிக்குப் போய் வந்தது. கட்டிய புளியோதரை பாதி திரும்பி வந்தது, சாப்பிடவே நேரமில்லையாம். வடக்கத்திக்காரர்கள் ஒரு ஸ்டாலில் ஒட்டுப் போர்வைகள் தொங்கவிட்டிருந்தார்களாம். பாஷை தெரியாத ஒரு கிழவியும் தனபாக்கியமும் துணியைத் தொட்டுத் தொட்டே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். திரும்பி வந்த அன்று அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரிடம் சொன்னாள்:

“எல்லாரும் முன்னால நின்னு பாத்துட்டுப் போயிருதாங்க. தைக்கத் தெரிஞ்சவ மட்டுந்தான் முனைய எடுத்துத் திருப்பிப் பின்பக்கம் பாக்கா. நம்மது தொங்கும்போது நான் தள்ளி நின்னுக்கிடுவேன். யாரு திருப்பிப் பாக்கான்னு மட்டும் பாக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

அவர் அப்போது சோற்றைப் பிசைந்துகொண்டே, “நல்ல ஆசை, போ” என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

முன்னறைக்கு வந்து அக்காவின் எதிரில் நின்றார்.

“போர்வை போகாதுக்கா.”

“தம்பி...”

“அது அவ படுக்கை இல்ல. அவ வேலை. இவ்வளவு பேரோட வேலை. நான் ஷிப்டுல செத்தா மெஷினையா கூடக் கொளுத்துவாங்க?”

“என்ன பேச்சுப் பேசுத?” பேச்சியம்மாளுக்குக் கண் நிறைந்தது. “ஒண்ணுமே கூட அனுப்பாம வெறுங்கையாவா விடச் சொல்லுத?”

“அவ அடியில விரிச்சது என் கைலி. அது போகட்டும். அதுதான் தரையில கெடந்தது.”

பேச்சியம்மாள் தனபாக்கியத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சைபுன்னிசாவிடம், “அப்ப அதப் பிரிச்சிக் கொண்டா தாயி” என்றாள்.

சைபுன்னிசா தனபாக்கியத்தின் கத்தரியையே எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள். இசக்கிமுத்துவும் கலியம்மாளும் பக்கத்தில் நின்றார்கள். கத்தரி முனையை முதல் தையலுக்கு அடியில் விட்டாள். வெளியே எடுத்தாள். திரும்ப விட்டாள்.

“என்னால ஆவலண்ணே. எங்க தையல எல்லாம் அவங்க பிரிச்சாங்க. அவங்க தையல நான் பிரிக்கறதா?”

கத்தரி கலியம்மாள் கைக்குப் போனது. அவள் வாங்கிய வேகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“பிரிக்க வேண்டாம்மா” என்றார் இசக்கிமுத்து. “தையலுக்கு வெளிப்பக்கமா கைலிய மட்டும் வெட்டிருங்க. மாட்டுனது அங்கயே இருக்கட்டும்.”

“பின்னாடி கைலித் துண்டு தெரியுமேண்ணே. பொருட்காட்சியில கேப்பாங்களே?”

“கேக்கட்டும்.”

சைபுன்னிசாவின் கையில் கத்தரி தையலைத் தொடாமல் சுற்றிவந்தது. நடுவில் சதுரமாக ஓட்டை விழுந்த கைலி கையோடு வந்தது. வெள்ளைத்துணியில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கட்டம் நின்றது. ஓட்டைக் கைலியைப் பார்த்து பேச்சியம்மாள் ஏதாவது சொல்வாள் என்று இசக்கிமுத்து நினைத்தார். அவளோ அதை வாங்கி, ஓட்டை உள்ளே போகிற மாதிரி நாலாக மடித்து, தனபாக்கியத்தின் தலையைத் தூக்கி அடியில் வைத்தாள். கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

“எங்க வூட்ல இந்தத் தீட்டெல்லாம் பாக்கறதில்லண்ணே. மிச்சத்த அங்க வச்சி முடிச்சிடறோம்” என்றாள் சைபுன்னிசா. சாயங்காலம் தனபாக்கியம் போன பிறகு, சைபுன்னிசாவும் கலியம்மாளும் போர்வையை மடிக்காமல் பாயோடு சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு பஜார் பக்கம் நடந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை இசக்கிமுத்து எங்கேயும் போகவில்லை. அது முடிந்த பிறகும் பொருட்காட்சி இரண்டு நாள் மிச்சமிருந்தது. கடைசி நாள் முதல் ஷிப்ட் முடிந்து நேராக அங்கே போனார். ராட்டினமும் அப்பளக் கடையும் தாண்டி மகளிர் மன்றத்து ஸ்டால். ஸ்டாலுக்குள் போகாமல், எதிர்ப்பக்கம் சோப்புக் கடையின் ஓரமாகத் தள்ளி நின்றார்.

போர்வை கம்பில் தொங்கியது. விளக்கு வெளிச்சத்தில் அது இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. வீட்டில் அதைச் சுற்றித்தான் நடந்திருக்கிறார், நின்று பார்த்ததில்லை. ஜனங்கள் வந்தார்கள். “அடேயப்பா” என்றார்கள். ஒரு பிள்ளை தன் பழைய யூனிபாரத் துணியைக் கண்டுபிடித்து அம்மாவை இழுத்துவந்து காட்டியது. எல்லோரும் முன்னால் நின்று பார்த்தார்கள், போனார்கள். அவருக்குக் கால் வலித்தது. சோப்புக் கடைக்காரன் ஸ்டூலை நகர்த்தினான். அவர் உட்காரவில்லை.

ஸ்டாலை மூடும் நேரத்தில் வடலூர்ப் பக்கத்துக்காரி போல ஒரு பெண், இடுப்பில் தூங்கும் பிள்ளையோடு வந்தாள். முன்னால் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, போர்வையின் ஒரு முனையைத் தூக்கித் திருப்பினாள்.

இசக்கிமுத்து ரோட்டைக் கடந்துவிட்டார்.

“இன்னாங்க இது, நடுவுல கைலித் துண்டு?” என்று கேட்டாள் அந்தப் பெண். ஸ்டாலில் இருந்த கலியம்மாளும் சைபுன்னிசாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்னோடதும்மா” என்றார் இசக்கிமுத்து, பின்னாலிருந்து.

அந்தப் பெண் அவரை ஒரு தடவை பார்த்தாள். நீலக் கட்டத்தின் ஓரமாகச் சுண்டுவிரலை நாலு பக்கமும் ஓட்டினாள்.

“தையல் நேரா வந்திருக்கு” என்றாள்.

முனையை இறக்கிவிட்டு, பிள்ளையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடுத்த ஸ்டாலுக்குப் போனாள். போர்வையின் முனை சரியாக விழாமல் மடங்கி நின்றது. இசக்கிமுத்து குனிந்து அதை இழுத்துவிட்டு நேராக்கினார்.