கண்ணாடி வீட்டு ஜன்னல்

அக்காவின் கண்ணாடி வீட்டை நான் மதிய வேளைகளில்தான் பார்ப்பேன். அவள் ஊர் வேறு, என் ஊர் வேறு. கூரையில் மாட்டிய கேமரா வழியே செடிகள் ஈர மூட்டத்துக்குள் நிற்பது தெரியும். சத்தமில்லாத படம். பார்த்துக்கொண்டே இருந்தால் நானும் அந்த ஈரத்துக்குள் நிற்பதுபோல் இருக்கும், கண் சொக்கும்.

நடு மேசையில் ஒரு மொட்டு. இரண்டு செடிகளைக் கலந்து, அவற்றின் வாரிசுகளையும் கலந்து, அக்கா வருடக்கணக்காகக் காத்திருந்த மொட்டு. வெயில் ஏறும்போது கூரை ஜன்னலைத் திறக்காவிட்டால் ஒரே மதியத்தில் கருகிவிடும். சூடு ஏறினால் தானாகத் திறக்கும்படி செய்து தருகிறேன் என்றேன்.

"இலையப் பாத்துத்தான் திறக்கணும். உன் மெஷினுக்கு இலை தெரியுமா?"

அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யார்? அவள் போனில் கேமராப் படத்தையும் ஒரே ஒரு பொத்தானையும் வைத்துக் கொடுத்தேன். அமுக்கினால் ஜன்னல் திறக்கும், மறுபடி அமுக்கினால் மூடும். ஜன்னல் மோட்டாருக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர். வெளியிலிருந்து வருபவரை அடையாளம் பார்த்து உள்ளே விட அதில் ஒரு லாகின் சர்வர். குட்டிக் கம்ப்யூட்டருக்கென்றே கொழுப்பெல்லாம் கரைத்து எழுதப்பட்ட நிரல். நான் அதை வாசல்காரர் என்று கூப்பிடுவேன். என் ஊரிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து கட்டளை கொடுத்துப் பார்த்தேன், ஜன்னல் திறந்தது. அதோடு விட்டுவிட்டேன், பொத்தானை அமுக்கிப் பார்க்கவில்லை.

அக்கா மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. அக்கா ரயில் ஏறினாள். மதியம் போன் வந்தது.

"ஜன்னல் திறக்கலடி."

"நல்லா அமுக்கு."

"அமுக்கி அமுக்கி விரலே தேஞ்சுபோச்சு."

நான் உள்ளே நுழைந்து கட்டளை கொடுத்தேன். படத்தில் கண்ணாடி மெல்ல எழுந்தது.

"திறக்குதே!"

"உனக்குத் திறக்குது, எனக்குத் திறக்கல. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பிடறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? அங்க உன் பொண்ணு, அம்மா எப்ப வருவாங்கன்னு வாசலையே பாத்துட்டிருக்கா. ஜன்னல நான் பாத்துக்கறேன்."

"நீயா? மதியம் ஆனா தூக்கத்துல சாமியாடற ஆளு நீ."

உண்மைதான், அதனால்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஜன்னலை மூடிவிட்டு அமுக்கச் சொன்னேன். அசையவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக இருந்தது. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் காணாமல் போகும் பல்வலி மாதிரி. படத்தில் மூட்டம் தடித்துக்கொண்டே வந்தது. மொட்டு கரைந்து கரைந்து, இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அந்த வெண்மைக்குள் கதவு எது என்று தெரியாமல் தடவிக்கொண்டு நடப்பதுபோல் எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் உறைத்தது. நான் ஒவ்வொரு முறையும் உள்ளே போய்த்தான் பார்க்கிறேன். பொத்தான் உள்ளே போவதில்லை.

பொத்தான் அனுப்பும் கட்டளையை மாற்றினேன். ஜன்னலைத் திற என்பதற்குப் பதில், உனக்கு என்னென்ன தெரியும் சொல் என்று.

"இப்ப ஒரு தடவை அமுக்கு."

"ரயில் நிக்கப்போகுதுடி."

"அமுக்குக்கா!"

என் திரையில் நாலைந்து வரிகள் வந்தன. உள்ளே வருபவரின் பெயர், அவருக்கென்று ஒரு கோப்புறை, கருவிகளை, அதாவது வேலை செய்யும் குட்டி நிரல்களை, தேட இரண்டே இரண்டு இடங்கள். முடிந்தது. உள்ளே வந்து உட்காருபவருக்கு நான் எழுதி வைத்த அமைப்புகளெல்லாம் கிடைக்கும். வாசலில் நின்று ஒரே ஒரு வேலை சொல்லிவிட்டுப் போகிறவருக்கு, வாசல்காரர் தன் பையில் டீஃபால்ட்டாக வைத்திருப்பதை மட்டும்தான் கொடுப்பார். ஜன்னல் திறக்கும் கருவியை நான் வைத்திருந்ததோ மூன்றாவது இடத்தில், அந்த இடம் என் அமைப்புகளில் மட்டும்தான் எழுதியிருந்தது. பாவம், அவர் அந்த இரண்டு இடங்களையும் தேடிவிட்டுச் சும்மா நின்றிருக்கிறார். அக்கா சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. எனக்குத் திறந்தது, அவளுக்குத் திறக்கவில்லை.

கட்டளையில் கருவியின் முழு முகவரியையும் எழுதினேன். போனில் ரயில் நிற்கும் சத்தம் கேட்டது.

"அமுக்கு!"

கண்ணாடி எழுந்தது. மூட்டம் கலைந்து, மொட்டு தன் இடத்தில் இருந்தது.

"அக்கா? இறங்கிட்டியா?"

"பெட்டி இறங்கிடுச்சு, நான் இறங்கல. அய்யோ தம்பி, அந்தப் பெட்டியக் கொஞ்சம் தூக்கிக் குடுப்பா!"

மறுநாள் காலை, வெயில் எட்டிக்கூடப் பார்க்காத நேரத்தில், கூரை ஜன்னல் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. போச்சுடா, இதுவும் சொதப்பிவிட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"எதுக்கு இந்நேரத்துல ஜன்னலப் போட்டு ஆட்டிட்டிருக்க?"

"கத்தாத. இப்பதான் கண் அசந்தா."

"யாரு?"

"என் பேத்தி. அவ விரலப் பிடிச்சுத்தான் அமுக்கினேன். அங்க திறந்துச்சா?"

படத்தைப் பார்த்தேன். ஈர இலைகளுக்கு மேலே கண்ணாடி அகலமாகத் திறந்து நின்றது.

"நல்லாத் திறந்துச்சுக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.