முன்னோர்கள் சுடாத பிஸ்கட்

ஓட்ஸ் பிஸ்கட்டுக்கு அட்டைப்பெட்டி அச்சாகி வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு ரம்யா ஏற்காட்டு மலைக்கிராமமான தலைச்சோலைக்கு வந்தபோது, கவிதா பூசணி விதை வறுத்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயில் நேரம். பொழுது சாய்ந்தால் மேலே இருக்கிற விடுதிகளில் எல்லாரும் வெந்நீருக்கு ஹீட்டரைப் போட்டுவிடுவார்கள். கரண்ட் இறங்கி, தலைச்சோலையில் பல்பு மினுக்கும், ஓவனில் சூடே ஏறாது. அதனால் கவிதாவுக்குப் பிஸ்கட் வேலை எல்லாம் பகலில்தான்.

ரம்யா சேலத்துப் பெண். ஏற்காட்டில் ஒரு பெரிய ரிசார்ட்டில் விளம்பர வேலை பார்க்கிறவள். மஞ்சக்குட்டை டீக்கடையில் கவிதா விற்கக் கொடுத்திருந்த பிஸ்கட்டைத் தின்று பார்த்துவிட்டு, விசாரித்து வீடு தேடி வந்து, முதலாளி சந்திரசேகரிடம் பேசி, இனிமேல் ரிசார்ட்டே வாங்கிக்கொள்ளும் என்று ஏற்பாடு செய்தவளும் அவள்தான். கவிதாவுக்கு அவள்மேல் நல்ல பிரியம்.

பெட்டி அழகாகத்தான் இருந்தது. பச்சை மலை, பனி, அதன் நடுவே வெறுங்காலோடு ஒருத்தி ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கழுத்து நிறைய பாசிமணி. கீழே கொட்டை எழுத்தில், ‘சேர்வராயன் மலை முன்னோர்கள் கட்டிக்காத்த பாரம்பரிய ஓட்ஸ் பிஸ்கட்’ என்று போட்டிருந்தது.

கவிதா அடுப்பை அணைத்துவிட்டு மறுபடியும் படித்தாள்.

“இது யாருங்க?”

“சும்மா வரைஞ்ச படந்தாங்க்கா.”

“எங்க முன்னோருங்க ஓட்ஸை எங்கீங்க கண்டாங்க? ராகியும் சாமையுந்தான் தின்னாங்க. எங்கம்மா ஆராயி இன்னிக்கும் ஓட்ஸ் பாக்கெட்டைப் பாத்தா கோழித்தீனியான்னு கேக்குது.”

ரம்யா சிரித்துவிட்டாள். “கதை இல்லாம இப்பெல்லாம் எதுவும் விக்கறதில்லீங்க்கா. மலைன்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சு வர்றாங்க. சனிக்கிழமை விருந்தாளிங்க முன்னாடி அறிமுகம் வெச்சிருக்கோம். நீங்க இந்தப் படத்துல இருக்கற மாதிரியே சேலையைக் கட்டிட்டு உக்காந்தாப் போதும்.”

கவிதா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரம்யா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பிஸ்கட் வந்த வழி கவிதாவுக்கு அல்லவா தெரியும். போன வருஷம் மகள் இளவரசி இளைத்துத் துரும்பாகிவிட்டாள். உடம்பில் ரத்தம் இல்லை, எள்ளும் விதையுமாகக் கொடு என்றார் டாக்டர். உருண்டை பிடித்துக் கொடுத்தால் பிள்ளை தூ என்று துப்பினாள். கடை பிஸ்கட் என்றால் ஓடி வந்தாள். அப்படியானால் பிஸ்கட்டாகவே கொடுத்துவிடுகிறேன் என்று கவிதாவுக்கு ஒரு வீம்பு. விடுதி ஒன்றைக் காலி செய்தவர்களிடம் பழைய ஓவனை வாங்கினாள். செல்போனில் பார்த்த செய்முறை எல்லாம் மைதாவும் வெள்ளைச் சர்க்கரையுமாக இருந்தது. இரண்டும் வேண்டாம், ஓட்ஸும் நாட்டுச்சர்க்கரையும் போதும் என்று முடிவு செய்தாள்.

முதலில் சுட்டது கல். ஜீப் ஓட்டுகிற அவள் புருஷன் விஜயகுமார், “மேட்டுல வண்டி நிறுத்துனா டயருக்கு அண்டக் குடுக்கலாம்” என்றான். அடுத்தது புட்டு மாதிரி உதிர்ந்தது. பாதி ஓட்ஸைப் பொடித்து, பாதியை அப்படியே போட்டு, ஆளி விதையை ஊறவைத்து, மலைவாழைப்பழத்தை மசித்துச் சேர்த்த பிறகு மாவு கைக்கு அடங்கியது. நாட்டுச்சர்க்கரை சீக்கிரம் கருகியது; சூட்டைக் குறைத்தாள். வெந்ததா என்று அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் வைத்ததுதான் கல்லானதற்குக் காரணம் என்று புரிய மழைக்காலம் முழுக்க ஆயிற்று. ஓரம் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். ஆறும்போது தானே மொறுமொறுப்பாகும். இளவரசி முதல் தடவையாக இன்னொன்று கேட்டு வாங்கித் தின்ற அன்று கவிதா கொல்லைப்புறம் போய் நின்று அழுதாள்.

இரவு சாப்பிடும்போது விஜயகுமாரிடம் பெட்டியைக் காட்டினாள்.

“என்ன கெட்டுப் போச்சு?” என்றான் அவன். “அவங்க எதையோ எழுதிட்டுப் போறாங்க. நம்ம ஜீப்புக்கும் அந்த ரிசார்ட்ல இருந்துதான் கோயிலுக்குப் போற சவாரி வருது. உக்காந்துட்டு வா.”

“ஏனுங்க, மழை பூரா அந்த ஓவனோட மல்லுக்கட்டுனது நானு. முன்னோர் செஞ்சாங்கன்னு போட்டுட்டா, அப்ப நான் என்னத்தச் செஞ்சேன்?”

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

சனிக்கிழமை காலையில் கவிதா சுடிதார் போட்டுக்கொண்டாள். பிசைந்த மாவை டப்பாவில் அடைத்தாள். ஓவனைப் போர்வையில் சுற்றி, ஜீப்பின் பின்சீட்டில் தானே தூக்கி வைத்தாள். விஜயகுமார் பார்த்தான்.

“இது எதுக்கு?”

“சுடறதுக்கு.”

ரிசார்ட் புல்வெளியில் ஒரு ஓலைக்குடிசையே போட்டு வைத்திருந்தார்கள். உள்ளே ஆட்டுக்கல். நாடகக்காரர்களிடம் வாடகைக்கு எடுத்த பாசிமணிகளும் கண்டாங்கிச் சேலையும் ஒரு தட்டில் இருந்தன. கவிதா அந்த மணிகளை எடுத்துப் பார்த்தாள். அவள் வீட்டில் யாரும் அப்படி ஒன்றைப் போட்டு அவள் கண்டதில்லை.

ரம்யா ஓடி வந்தாள். “அக்கா, சேலை மாத்தலீங்களா? சார் வந்துருவாருங்க.”

“மாத்தலீங்க ரம்யா. ஒயர் மாட்டற எடம் எங்க இருக்குது?”

மரத்துக்கு அலங்கார விளக்குப் போட இழுத்திருந்த இணைப்பு ஒன்று குடிசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கவிதா விளக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓவனுடையதைச் செருகினாள். ஆட்டுக்கல்லின் மேல் பலகையைப் போட்டு, அதன்மேல் ஓவனை வைத்தாள். விஜயகுமார் தூரத்தில் ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றான். உதவிக்கும் வரவில்லை, தடுக்கவும் இல்லை.

விருந்தாளிகள் சேர்வதற்குள் முதல் தட்டு உள்ளே போயிருந்தது. பழமும் சர்க்கரையும் எள்ளுமாகச் சேர்ந்து வேகிற வாசனை புல்வெளி முழுக்கப் பரவிற்று. பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சந்திரசேகர் மைக்கோடு வந்தார். ஓவனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. விருந்தாளிகளைப் பார்த்துச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். தலைமுறை தலைமுறையாக இந்த மலை மக்கள் பாதுகாத்த ரகசியம் என்று ஆரம்பித்தார். நன்றாகத்தான் பேசினார். கைதட்டினார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள், “இது எவ்வளவு காலத்துப் பலகாரம்மா?” என்று கவிதாவிடமே கேட்டாள்.

“போன வருசத்துதுங்க” என்றாள் கவிதா.

சிலர் சிரித்தார்கள். சந்திரசேகர், “அது வந்து...” என்று இழுத்தார்.

கவிதா விருந்தாளிகளின் பக்கம் திரும்பினாள். “முன்னோர் ரகசியம் ஒண்ணுமில்லீங்க. ஓட்ஸ் எங்க மலையில வெளையறதே இல்ல, ஏற்காடு கடைவீதியில வாங்கறது. எம்பொண்ணு விதை திங்கமாட்டேன்னா. அவளுக்காக நானே செஞ்சு பாத்தது. நொம்ப நாளு கெட்டுப் போச்சு. அப்புறம் வந்துருச்சு. இத நான்தானுங்க செஞ்சேன். எம்பேரு கவிதா.”

ஓரம் சிவந்துவிட்டதா என்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் தட்டை வெளியே எடுத்தாள். சூடாக இருக்கிறது, கொஞ்சம் ஆறட்டும் என்று சொல்லி நிறுத்தி வைத்தாள். அவர்களும் நின்றார்கள். ஆறியதும் தட்டு நிமிஷத்தில் காலியாயிற்று. அந்த அம்மாள் எந்தெந்த விதை என்று கேட்டுக் கேட்டுச் செல்போனில் குறித்துக்கொண்டாள்.

எல்லாரும் கலைந்தபின் சந்திரசேகர் பக்கத்தில் வந்தார். கத்தவில்லை. “ஏம்மா கவிதா, உனக்கு நல்லது செய்யத்தானே பாத்தோம். பெட்டி எல்லாம் அடிச்சாச்சு.”

“எம்பேரப் போட்டு வேற அடிங்க சார். பிஸ்கட் குடுக்கறேன்.”

“அப்படின்னா வேண்டாம்மா.”

“சரிங்க சார்.”

ரம்யா வாசல்வரை கூடவே வந்தாள். ஜீப்பில் ஏற்றும்போது ஓவனின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

கோயில் சவாரியும் நின்றுபோயிற்று. விஜயகுமார் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜீப்பை மஞ்சக்குட்டை வழியில் ஆள் ஏற்றி ஓட்டினான். ஒருநாள் சுட்டு ஆறவைத்ததில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே, “எள்ளு கொஞ்சம் சேத்திப் போடு” என்றான். அவன் கோபம் அவ்வளவில் தீர்ந்தது என்று கவிதா நினைத்துக்கொண்டாள். முழுக்கத் தீரவில்லை என்றும் அவளுக்குத் தெரியும்.

அடுத்த மாதம் ஏற்காடு கடைவீதியில், பாலசுப்பிரமணியத்தின் கடையில் அந்தப் பச்சைப் பெட்டி அடுக்கி வைத்திருந்தது. அதே ஆட்டுக்கல், அதே பாசிமணி. உள்ளே எங்கோ மெஷினில் வார்த்த பிஸ்கட். கவிதா ஒன்றை வாங்கி அங்கேயே பிரித்துத் தின்றாள். மைதாவும் வனஸ்பதியும் அண்ணத்தில் ஒட்டின. பூசணி விதை மேலுக்கு ஒன்று பதித்திருந்தது.

“எப்படிங்க போகுது?” என்று கேட்டாள்.

“படத்தைப் பாத்து வாங்கறாங்கம்மா” என்றார் கடைக்காரர்.

கவிதா பையிலிருந்து தன் கண்ணாடி ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ‘தலைச்சோலை கவிதா சுட்டது’ என்று இளவரசியின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

“இதையும் வைங்க.”

அவர் ஜாடியை எடுத்துப் பின்னால், ஊறுகாய்ப் பக்கம் வைக்கப் போனார்.

“அங்க வேண்டாமுங்க,” என்றாள் கவிதா. “அந்தப் பெட்டிக்குப் பக்கத்துலயே வைங்க. ஒட்டினாப்புல.”